வீட்டுக்கு மெழுகு வேண்டாம்

எங்கள் ஊரில் மோட்டார் எரிந்துபோனவர்கள் எல்லோரும் அந்த அக்காவிடம்தான் போவார்கள். ஆனால் அக்காவிடம் போனதாக ஒருவரும் சொல்ல மாட்டார்கள். கடைப் பலகையில் இருந்தது அவருடைய கணவரின் பெயர். கணவர் மைக் செட்காரர். எந்தக் கட்சி ஆண்டாலும் எந்தக் கட்சி எதிர்த்தாலும் ஒலிபெருக்கி அவருடையதுதான் என்பதால், எழுபதுகளின் பிற்பகுதியில் அவர் கடையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. உள்ளே, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, செம்புக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றிக்கொண்டிருந்தவர் அக்கா.

மோட்டாரைக் கொண்டுவருகிறவர்கள் வாசலில் நின்றபடியே, "அண்ணன் வந்தா சொல்லும்மா, அவரு கையாலயே கட்டித் தரணும்னு" என்பார்கள். அக்கா "சரிங்க" என்பார். மூன்றாம் நாள் மோட்டார் தயாராக இருக்கும். "அண்ணன் கைன்னா அண்ணன் கைதான்" என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்த மூன்று நாளும் அண்ணன் பட்டுக்கோட்டைப் பக்கம் ஏதாவது ஒரு மாநாட்டில் "அலோ, அலோ, மைக் டெஸ்டிங்" சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்து கிராமத்தில் விவசாயக் கூலி வேலை பார்த்த குடும்பம். நாற்றுப் பறித்த விரல்களுக்குக் கம்பி சுற்றுவது பெரிய வேலை இல்லை என்பார். சுற்றும்போது உதடு மட்டும் அசையும், எண்ணிக்கை. யாராவது பேச்சுக் கொடுத்தால் இடது கையின் ஒரு விரல் மேலே போகும். அந்த விரல் இறங்கும்வரை தாசில்தாரே ஆனாலும் நிற்க வேண்டியதுதான். பொறுமையில்லாமல் பேசி எண்ணிக்கையைத் தப்பவிட்டவர்களை அக்கா திட்ட மாட்டார். சுற்றியது முழுவதையும் அவர்கள் கண் எதிரிலேயே நிதானமாக அவிழ்ப்பார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

ஆனால் அக்காவை நினைக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய கேள்விதான். எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும், என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன்னால், "எங்க வைக்கப் போறீங்க?" என்று கேட்பார்.

புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி மேஜை மின்விசிறியைக் கொண்டுவந்தாள்.

"எங்க வைக்கப் போறீங்க?"

"மாமியார் தலைமாட்டுலக்கா."

"அப்ப இந்தக் கடகடங்கிற சத்தத்தை எடுத்துர்றேன். உங்க ரூம்னா விட்டுருக்கலாம். சத்தம் இருந்தா உங்களுக்கு நல்லதுதான்."

அந்தப் பெண் முகம் சிவந்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு ஓடினாள்.

இன்னொரு நாள் அரிசி ஆலை முதலாளி வந்தார். போட்டி ஆலைக்காரர் தன் மோட்டார் சுருளுக்கு இரண்டு தடவை வார்னிஷ் அடித்திருக்கிறாராம். இவருக்கும் இரண்டு தடவை வேண்டுமாம். "உங்க மோட்டார் காய்ஞ்ச கொட்டகைக்குள்ளதானே நிக்குது? ஒரு தடவை போதும். ரெண்டாவது தடவை அடிச்சா சூடுதான் வெளிய போகாது" என்றார் அக்கா. முதலாளிக்கு ரோஷம். "என்னால முடியாதுன்னு நினைக்கிறியா?" என்றார். "உங்களால முடியுங்க. மோட்டாரால முடியாது."

வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறவர் வியாபாரத்தில் என்ன ஆவார் என்று தெருவில் எல்லோருக்கும் கவலை. அக்காவுக்கு இல்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். அது அவ்வளவு கௌரவமானதில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நான் அப்போது தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். வயது இருபத்தாறு. என்னிடம் ஒரு மின்சார கிதார் இருந்தது. அது என்னுடையது இல்லை. முத்துப்பேட்டைக்கார நண்பன் ஜமாலுக்குச் சிங்கப்பூர் மாமா வாங்கிக் கொடுத்தது. ஜமால் குவைத்துக்குப் போகும்போது, "பத்திரமா வச்சிருடா, வாசிக்க மட்டும் செய்யாதே" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனான். முதல் பாதியை மட்டும் மறந்துபோயிருந்தால் பரவாயில்லை. நான் இரண்டாவது பாதியை மறந்தேன்.

மாடி அறையில் இருந்த என் பழைய வால்வு ரேடியோவின் முதுகில், கிராமபோன் செருகுவதற்கென்று இரண்டு துளைகள் இருக்கும். அதில் கிதாரின் வயரைச் செருகினால் ரேடியோவிலிருந்து என் சங்கீதம் வரும். கீழ்வீட்டில் குடியிருந்த வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மறுநாள் காலையில் மிகவும் பரிவாகக் கேட்பார்: "என்ன சார், ரேடியோவை இன்னும் ரிப்பேர் பண்ணலையா?"

ஒரு நாள் அந்தச் சங்கீதமும் நின்றது. கிதாரில் தந்திகளுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. பிக்அப் என்பார்கள். காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றியிருப்பார்கள். தந்தி அதிர்ந்தால் அந்தச் சுருளில் மின்சாரம் எழும், அதுதான் சத்தமாகிறது. அந்தக் கம்பி எங்கோ அறுந்துவிட்டது. சுருள் என்றால் அக்காதானே. கழற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

அக்கா அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தங்கம் பார்க்கிற ஆசாரி மாதிரி இல்லை, பிறந்த குழந்தையைப் பார்க்கிற மருத்துவச்சி மாதிரி.

"இவ்வளவு சின்ன மோட்டார் நான் பாத்ததில்ல சார். இது ஓடாதுல்ல?"

"ஓடாதுக்கா. கேக்கும்."

பழைய ரேடியோக்களின் வயிற்றிலிருந்து உரித்து வைத்திருந்த கம்பியை எடுத்தார். கையால் சுற்றும் துளைப்பானைப் பட்டறை வைஸில் இறுக்கி, அதன் முனையில் பிக்அப்பை மாட்டி, கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தார். விரல் மேலே போய்விட்டது. இரண்டு நாள் நான் சாயங்காலம் சாயங்காலம் போய் அந்த விரலைப் பார்த்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் சுருள் தயார். நான் பைக்குள்ளிருந்து ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையை எடுத்தேன். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கியது. பிக்அப்பைச் சுற்றி முடித்ததும் உருக்கிய மெழுகில் முக்கியே தீர வேண்டும், இல்லாவிட்டால் அது ஊளையிடும் என்று அதில் ஒருவர் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். நான் அதை அக்காவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். படித்தவன் என்பதைக் காட்டிக்கொள்ள எனக்குக் கிடைத்த அரிய சந்தர்ப்பம்.

"இவரு எங்க வாசிக்கிறாரு?" என்றார் அக்கா.

"அமெரிக்காவுலக்கா."

"அது தெரியுது. வீட்லயா, மேடையிலயா?"

பத்திரிகையில் ஒரு படம் இருந்தது. ஆள் உயரத்துக்கு ஒலிபெருக்கிகள், நடுவில் அவர். மேடைதான் என்று ஒப்புக்கொண்டேன்.

அக்கா பிக்அப்பைக் கடையிலிருந்த ரேடியோவில் இணைத்தார். திருப்புளியால் அதன் தலையில் மெல்லத் தட்டினார். ரேடியோவுக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல் கேட்டது. பிறகு அதைத் தன் வாயருகே கொண்டுபோய், "சாப்டாச்சா?" என்று கேட்டார். ரேடியோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி, "சாப்டாச்சா?" என்றது.

"பாத்தீங்களா? உள்ள கம்பி ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம லேசா ஆடுது. கையால சுத்துனா அப்படித்தான் இருக்கும். வெளிய பெரிய சத்தம் இருந்துச்சுன்னா அது வந்து மோதி இந்தக் கம்பியை ஆட்டும். ஆட்டுனா இது கத்தும். இது கத்துறது ஸ்பீக்கர் வழியா இன்னும் பெரிசாப் போயி, திரும்ப இதையே வந்து ஆட்டும். அப்புறம் நிக்காது. மெழுகுல முக்குனா கம்பிக்கு நடுவுல இருக்கிற சந்தெல்லாம் அடைஞ்சு, ஆடாம இருக்கும். அதுக்குத்தான் அவரு சொல்றாரு."

"அப்ப முக்கிரலாமேக்கா. எதுக்கும் இருக்கட்டுமே."

"எதுக்கும் இருக்கட்டும்னா எதுக்குன்னு சொல்லணும்ல? உங்க ரேடியோ போடுற சத்தம் இதை என்ன ஆட்டும்? இது பிளாஸ்டிக் கட்டை. சூட்டுல கொஞ்சம் கோணுச்சுன்னா நான் சுத்துன அத்தனையும் போச்சு. வேண்டாத சூட்டை எதுக்குக் குடுக்கணும்? வீட்டுக்கு மெழுகு வேண்டாம். மேடைன்னா சொல்லுங்க, இப்பவே முக்கித் தர்றேன்." பிறகு என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்: "எங்க வாசிக்கப் போறீங்க?"

இங்கேதான் நான் பொய் சொன்னேன்.

அடுத்த வாரம் ஊரில் ஒரு விழா இருந்தது. நிலச் சீர்திருத்தத்தில் ஒரு பெரிய பண்ணையிலிருந்து உபரியாக எடுத்த நிலத்தை, அதே பண்ணையில் கூலி வேலை பார்த்த ஏழு குடும்பங்களுக்குப் பட்டா போட்டுக் கொடுக்கும் விழா. நிலம் ஆறு மாதத்துக்கு முன்பே கைக்கு வந்துவிட்டது, விழா காகிதத்துக்குத்தான். அக்கா பிறந்த ஊர்க்காரர்கள்தான் அந்த ஏழு குடும்பமும். அமைச்சர் ஒருவர் வருகிறார். வாழ்த்துப் பாட்டுக்கு நான் கிதார் வாசிக்க வேண்டும் என்று தாசில்தார் சொல்லியிருந்தார். சொன்னார் என்பதுகூடச் சரியில்லை. நானே டீக்கடையில் அளந்த அளப்பு அவர் காதுக்குப் போய், "வாசிப்பீராமே, வாசியும்" என்றார்.

இதை அக்காவிடம் சொன்னால் அவர் கணவரிடம் போகும். கணவரிடம் போனால் ஜீப்பில் கட்டிய ஒலிபெருக்கியில் ஊர் பூராவும் போகும். அப்புறம் நான் கடைசி நேரத்தில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ள முடியாது. அந்த ஒரு வழியைத் திறந்து வைத்துக்கொள்வதற்காகச் சொன்னேன்:

"சேச்சே, வீட்லதான்க்கா. மேடைக்கெல்லாம் யாரு போறது!"

"அப்ப வேண்டாம்" என்று அக்கா பிக்அப்பைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

விழா நாளன்று எனக்கு வயிற்றுவலி வரவில்லை. வேண்டிய நேரத்தில் உதவாத உறுப்புகளில் வயிறும் ஒன்று.

மேடைக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு குழாய் ஒலிபெருக்கிகள். அக்காவின் கணவர் ஆம்ப்ளிபயரின் குமிழைக் கட்சித் தொண்டருக்குரிய தாராளத்தோடு திருப்பி வைத்திருந்தார். நான் முதல் தந்தியைத் தொட்டேன். தொட்டதுதான் தெரியும். ரயில் எஞ்சினும் பன்றியும் சேர்ந்து அழுவது மாதிரி ஒரு ஊளை கிளம்பி, நான் கையை எடுத்த பிறகும் நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. அமைச்சர் துண்டால் காதைப் பொத்தினார். முன்வரிசையில் குழந்தைகள் அழுதன. மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த வாழைமரத்தை ஒரு மாடு இழுத்துக்கொண்டு ஓடியது. யாரோ வயரைப் பிடுங்கினார்கள்.

திடீரென்று வந்த அமைதியில் தாசில்தார் என்னிடம் கேட்டார். கேட்டது மைக்குக்கு முன்னால்.

"யார்யா இதை ரிப்பேர் பண்ணினது?"

நான் பொய் சொன்னது முதல் தப்பு. இரண்டாவது தப்பு, அந்த இடத்தில் உண்மை சொன்னது. "கடைத்தெரு வைண்டிங் கடையிலங்க" என்றேன்.

"உருப்படும்" என்றார் தாசில்தார். அது நான்கு குழாய் வழியாகவும் போய், பட்டா வாங்க வரிசையில் நின்ற ஏழு குடும்பத்தின் காதிலும் விழுந்தது.

அக்காவின் கணவர் அன்று சாயங்காலம், தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள டீக்கடையில் ஒரு காரியம் செய்தார். "நான் சுத்தலப்பா. வீட்ல அதுதான் சுத்துச்சு" என்றார். ஊருக்கு ஒரே நாளில் இரண்டு செய்தி. அந்தக் கடையில் சுற்றினால் ஊளையிடும், அங்கே சுற்றுகிறது ஒரு பொம்பளை.

அடுத்த பத்து நாளில் கடைக்கு ஒரு மோட்டார்கூட வரவில்லை. நான் அந்தத் தெரு வழியாகப் போவதை நிறுத்திக்கொண்டு, பெருமாள் கோயிலைச் சுற்றி அலுவலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். என் பக்தி பெருகிவிட்டதாகத் தலைமையாசிரியர் சந்தோஷப்பட்டார்.

பதினோராம் நாள் என் மேஜைக்கு ஒரு மனு வந்தது. நிலத்தை இழந்த பண்ணைக்காரர் எழுதியது. ஒதுக்கப்பட்ட நிலத்தில் பயிர் செய்யாமல் தரிசு போட்டு வைத்திருக்கிறார்கள், ஆகவே ஒதுக்கீட்டை ரத்து செய்ய வேண்டும் என்று. வருவாய் ஆய்வாளர் ஒரு வாரத்துக்குள் நேரில் பார்த்து அறிக்கை தர வேண்டும், உடன் நான் போக வேண்டும் என்று தாசில்தார் ஓரத்தில் எழுதியிருந்தார்.

அந்த வருஷம் மேட்டூர்த் தண்ணீர் தாமதம். காவிரி எங்கள் கடைமடைக்கு எப்போதுமே கடைசியில்தான் வரும், அந்த வருஷம் வருகிற மாதிரியே இல்லை. ஏழு குடும்பமும் சேர்ந்து கடன் வாங்கி, ஒரு பழைய மோட்டாரைக் குழாய்க் கிணற்றில் மாட்டி, குறுவைக்கு நாற்று விட்டிருந்தார்கள். அந்த மோட்டார் எரிந்துவிட்டது என்று காலையில்தான் யாரோ அலுவலகத்தில் சொன்னார்கள். நாற்று காய்ந்தால் நடவு இல்லை. நடவு இல்லை என்றால் நான் கொண்டுபோகிற காகிதத்தில் தரிசு. தரிசு என்றால் நிலம் திரும்பப் போகும்.

மத்தியானம் டீ குடிக்க வெளியே வந்தபோது, லாரி ஆபீஸ் எதிரே ஒரு மாட்டுவண்டி நின்றது. வண்டியில் அந்த மோட்டார். சுற்றி ஏழு குடும்பத்து ஆண்களும் இரண்டு மூன்று பெண்களும். மோட்டாரைத் தஞ்சாவூருக்கு அனுப்பப் போகிறார்கள். தஞ்சாவூர்க் கடைகளில் அந்தப் பருவத்தில் பத்து நாளுக்குக் குறைந்து எதுவும் திரும்பாது என்று எல்லோருக்கும் தெரியும். லாரி ஆபீசுக்கு அடுத்த கட்டடம் அக்காவின் கடை. கடை திறந்திருந்தது. அக்கா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. சொந்த ஊர்க்காரர்கள்.

அக்கா என்னைப் பார்த்துவிட்டார்.

"சார், கொஞ்சம் வாங்க."

போனேன். தலையைக் குனிந்துகொண்டே போனேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் ஓடுவதற்கு எந்தச் சந்து பக்கம் என்று பார்த்துக்கொண்டுதான் போனேன்.

"என்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க? வீடா, மேடையா?"

"வீடுன்னு சொன்னேன்க்கா."

"எனக்கு அதுல கோபம் இல்ல. ஊரு பேசுனா பேசிட்டுப் போகட்டும். அந்த மோட்டாரு தஞ்சாவூரு போச்சுன்னா நாத்து செத்துரும். இங்க நாலு நாள்ல முடிச்சுருவேன். இப்ப என்கிட்ட சொன்னதைப் பெரியப்பாகிட்ட சொல்லுங்க."

பெரியப்பா என்பது ஏழு குடும்பத்துக்கும் மூத்தவர். மெலிந்து, உயரமாக, தோளில் சிவப்புத் துண்டோடு இருப்பார். கூலிப் போராட்டக் காலத்தில் இரண்டு தடவை சிறைக்குப் போனவர். உறவு முறையில் அக்காவுக்கும் பெரியப்பா. நான் அவர் முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அய்யா, விழாவுல ஊளையிட்டதுக்கு அக்கா காரணம் இல்லீங்க. எங்க வாசிப்பேன்னு கேட்டாங்க. நான் மேடைக்குப் போறதை மறைச்சு வீடுன்னு பொய் சொன்னேன். வீட்டுக்குச் சரியாத்தான் செஞ்சு கொடுத்தாங்க."

பெரியப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப கோளாறு பெட்டியில இல்ல. உங்க வாயில."

கூட்டம் சிரித்தது. ஒரு பெண், "அதை எங்க குடுத்துச் சுத்துறதாம்?" என்றாள். இன்னும் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் நான் இருந்த மேடைகளில் நன்றாக எடுபட்டது அதுதான்.

"சார் சொல்றாரு, சரி. தாலுகா ஆபீஸ்காரரு சொல்றதை எதை வச்சு நம்புறது புள்ள?" என்றார் பெரியப்பா, அக்காவைப் பார்த்து.

"நம்ப வேண்டாம் பெரியப்பா. பாத்துக்குங்க" என்றார் அக்கா.

நான் என் மாடி அறைக்கு ஓடி கிதாரை எடுத்து வந்தேன். அக்கா கடையிலிருந்த கணவரின் ஆம்ப்ளிபயரில் அதைச் செருகி, ஒரு குழாயை வாசலில் வைத்தார். குமிழை ரேடியோ அளவுக்கு வைத்து, "வாசிங்க" என்றார். வாசித்தேன். ஊளை இல்லை. "இது வீடு" என்றார். குமிழைத் திருப்பினார். அதே ரயில் எஞ்சின், அதே பன்றி. வண்டி மாடு மிரண்டு இரண்டடி பின்னால் போக, நாலு பேர் பாய்ந்து பிடித்தார்கள். "இது மேடை" என்று சொல்லி வயரைப் பிடுங்கினார்.

பிறகு அடுப்பைப் பற்றவைத்தார். ஒரு சட்டியில் தண்ணீர், அதற்குள் ஒரு பால் மாவு டின். மின்வெட்டுக்கு வாங்கி வைத்திருந்த மெழுகுவத்திகளை ஒடித்து டின்னில் போட்டார். செருப்புத் தைக்கிறவர் நூலுக்குத் தேய்க்கும் தேன்மெழுகில் ஒரு துண்டு கேட்டு வாங்கி அதையும் போட்டார். மெழுகை நேராக அடுப்பில் வைக்கக் கூடாதாம், வெந்நீர்ச் சூடுதான் சரியாம். பிக்அப்பை நூலில் கட்டி உள்ளே இறக்கினார். உருகிய மெழுகுக்குள்ளிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் மேலே வந்தன.

"காத்து வெளிய வருது. அந்தச் சந்துக்கு மெழுகு போவுது" என்றார். எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். நாற்று காய்ந்துகொண்டிருக்கிற ஏழு குடும்பம், ஒரு டின்னுக்குள் வரும் குமிழியை அத்தனை கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசிக் குமிழி நின்றதும் அக்கா நூலைத் தூக்கினார், துடைத்தார், ஆறவைத்தார், மாட்டினார். குமிழைத் திருப்பினார், அமைச்சருக்குத் திருப்பிய அளவுக்கு.

வாசித்தேன். கடைத்தெரு முழுவதும் கேட்டது. ஊளை இல்லை.

அதே பெண், "இப்பக் கேக்குற கொடுமை சாரோடது மட்டும்தானே?" என்றாள்.

"ஆமா. அதுக்கு நான் பொறுப்பில்ல" என்றார் அக்கா.

பெரியப்பா சிரிக்கவில்லை. வண்டியில் இருந்த மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அனுமதி கேட்காமல் வண்டியில் ஏறி, நாலு திருகைக் கழற்றி, மோட்டாரின் பக்க மூடியை எடுத்தார். உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மூடியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்:

"இது எப்படி எரிஞ்சுச்சு பெரியப்பா?"

"கரண்டு கம்மி. லோ வோல்டேஜ்." அவர் பதில் வேகமாக வந்தது.

அக்கா கூட்டத்தில் ஒருவரை அழைத்து உள்ளே காட்டினார். வட்டமாக இருந்த சுருள்களில் இரண்டு கொத்து கரி, அடுத்த கொத்து புதுச் செம்பு. மறுபடி இரண்டு கரி, ஒரு புதுசு. வரிசையாக, கோலம் போட்ட மாதிரி. எனக்குக்கூடத் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் மூன்று பேஸ் இணைப்பிலும் மின்சாரம் வருவது கொஞ்ச நேரம்தான். இரண்டில் மட்டும் வரும் நேரத்தில் ஒரு கண்டன்சரை மாட்டி மோட்டாரை ஏமாற்றி ஓட்டுவார்கள். அப்படி ஓட்டினால்தான் இந்த மாதிரி இரண்டு கொத்து கருகி ஒன்று தப்பும், கரண்டு கம்மியானால் எல்லாமே கருகும். எல்லோரும் செய்வார்கள், ஒருவரும் செய்ததாகச் சொல்ல மாட்டார்கள். ஏழு குடும்பமும் கூடிப் பேசி, கடன் மோட்டார், அதை அப்படி ஓட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தார்களாம். மோட்டார் சாவி பெரியப்பாவிடம் இருந்தது.

பெரியப்பா என்னைப் பார்த்தார். ஏன் என்னைப் பார்த்தார் என்று அப்போது புரியவில்லை. பொய் சொல்லிவிட்டு, நாலு பேர் சிரிக்க, அப்புறமும் உயிரோடு நிற்கிற ஒருத்தன் அங்கே நான்தான் இருந்தேன்.

"ஓட்டுனேன்" என்றார். "நாத்து வாடிக் கெடந்துச்சு. பாக்க முடியல. ஒரு அரை மணி நேரம்தான்னு நெனச்சு ஓட்டுனேன். எரிஞ்சது என்னாலதான்."

அவருடைய மகனே அங்கே இருந்தான். பிறகு அந்தப் பெண், எல்லோரையும் கேலி செய்தவள், தணிவாகச் சொன்னாள்: "நீங்க ஓட்டலன்னா அன்னைக்கு நான் ஓட்டியிருப்பேன் மாமா."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்ளவோ வசனம் பேசவோ இல்லை. "மோட்டாரு எங்க நிக்குது? கொட்டகை இருக்கா?" என்று கேட்டார்.

"திறந்த வெளிதான்."

"அப்ப இதுக்கு ரெண்டு தடவை வார்னிஷ் வேணும். மழை ஈரம் ஏறும். ரெண்டு தடவையும் நல்லாக் காயணும். நாலு நாள் ஆகும், அதுக்கு முன்னாடி கேக்கக் கூடாது. நாலு நாளும் நாத்தை நீங்க காப்பாத்தணும்."

பெரியப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார். "இறக்குங்கடா" என்றார். லாரி ஆபீஸ்காரர் எழுதி வைத்திருந்த ரசீதைக் கிழித்துப் போட்டார்.

நாலு நாளும் அக்காவின் விரல் மேலேயே இருந்தது. கிராமத்தில் பெண்கள் கை பம்பிலிருந்து குடம் குடமாகச் சுமந்து நாற்றங்காலில் ஊற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன். இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போய்ச் சுமந்தேன். மூன்றாவது குடத்தில் வரப்பிலிருந்து வழுக்கி விழுந்து நாற்றில் ஒரு சாண் நசுங்கியது. "ஆபீசு போங்க சார், புண்ணியமாப் போகும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் மோட்டார் போனது. ஏழாம் நாள் ஆய்வு.

வருவாய் ஆய்வாளருடன் நான் போனபோது பண்ணையின் காரியக்காரர் குடையோடு முன்னாலேயே வந்து நின்றார். "பாருங்க சார், ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே எங்களை வரப்பில் நடத்திப் போனார். முதல் துண்டு காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஆய்வாளர் உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவது துண்டின் வரப்பைத் தாண்டக் காலெடுத்து வைத்த காரியக்காரர், முழங்கால் அளவு சேற்றில் இறங்கினார். குடை தனியாகப் போய் விழுந்தது.

அதற்கு அப்பால் எல்லாம் தண்ணீர். ஆறு பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா நாற்று முடிகளை வீசிக்கொண்டிருந்தார். மூலையில் குழாயிலிருந்து தொடை கனத்துக்குத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மோட்டாரின் பக்கத்தில் அக்கா குந்தி உட்கார்ந்து, அதன் உடம்பில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆய்வாளர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். நட்ட பயிரில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். "யாரு மோட்டார் கட்டினது?" என்று கேட்டார்.

"நம்ம பொண்ணுதான்" என்றார் பெரியப்பா, அக்காவைக் காட்டி. வயலில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

நான் காகிதக் கட்டைத் தொடையில் வைத்து, பயிர் என்ற கட்டத்தில் "குறுவை நெல், நடவு நடக்கிறது" என்று எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் பெரியப்பா வீசிய நாற்று முடி ஒன்று பக்கத்தில் விழுந்து, சேறு தெறித்து, எழுத்து பாதி கரைந்தது. ஆய்வாளர் வேறு தாளை நீட்டினார். நடுகிற பெண்கள் எங்களைத் தாண்டிப் போகட்டும் என்று ஒதுங்கி நின்று, அதையே மறுபடி எழுதினேன்.